உப்புப் பாக்கெட்டின் மேல் ஒரு தேதி

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவருக்கும், மாலை நடையைக் கைவிட்டு இங்கே நாற்காலியில் வந்து அமர்ந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம். உலக நீரிழிவு நாளான இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, 'சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் அண்டாமல் காப்பதில் பெரும்பங்கு நடைப்பயிற்சிக்கே! சமையலறைக்கே!' என்பது. நான் சமையலறையின் பக்கம் நின்று பேசுகிறேன்.

'தினமும் பத்தாயிரம் அடி நடப்பவர் மருத்துவமனை வாசலை மிதிக்க வேண்டியதில்லை' என்று எதிரணித் தலைவர் முழங்கினார்; கைதட்டலும் வாங்கினார். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. 1965-ஆம் ஆண்டு ஜப்பானின் யமாசா நிறுவனம், அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியது. விற்பனைக்காக வைத்த பெயர் அரை நூற்றாண்டில் மருத்துவ விதியாகிவிட்டது. 2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, சராசரியாக 72 வயதுடைய 16,741 பெண்களின் நடையைக் கருவி கட்டி அளந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டியபின் கூடுதல் பயன் எதுவும் தென்படவில்லை.

'பார்த்தீர்களா, இதுவும் நடைக்குத்தானே சான்று' என்று எதிரணியில் ஒருவர் தலையாட்டுவது தெரிகிறது. நடை நல்லது என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் நடந்ததால் அந்தப் பெண்கள் நலமாக இருந்தார்களா, நலமாக இருந்ததால் நடக்க முடிந்ததா என்ற கேள்விக்கு இத்தகைய ஆய்வால் முழு விடை தர இயலாது. மூட்டு வலியும் மூச்சிரைப்பும் உள்ளவர் இயல்பாகவே குறைவாகத்தான் நடப்பார். ஆய்வாளர்கள் இதற்கு ஈடுகட்டக் கணக்குப் போடுகிறார்கள் என்றாலும் ஐயம் முற்றாக நீங்குவதில்லை.

சமையலறைக்கு நான் கொண்டுவரும் சான்று வேறு வகையைச் சேர்ந்தது. சீனாவின் நாட்டுப்புறத்தில் 600 ஊர்களைத் தேர்ந்து, எந்த ஊருக்கு எந்த உப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஒரு பாதி ஊர்களில் வழக்கமான உப்பு தொடர்ந்தது. மறுபாதிக்கு, சோடியம் குறையும்படி நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு இலவசமாகத் தரப்பட்டது. பங்கேற்ற 20,995 பேரும் முன்பே பக்கவாதம் கண்டவர்கள், அல்லது 60 வயதைக் கடந்த இரத்தக் கொதிப்புக்காரர்கள். அவர்களை யாரும் அதிகாலையில் எழுப்பவில்லை, பூங்காவுக்குப் போகச் சொல்லவில்லை. அடுப்படியில் இருந்த ஒரு டப்பாவுக்குள் இருந்த பொருள் மாறியது, அவ்வளவுதான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, மாற்று உப்பு கிடைத்த ஊர்களில் பக்கவாதம் 14 விழுக்காடும் இறப்பு 12 விழுக்காடும் குறைந்திருந்தன. 2021-இல் இந்த முடிவு வெளியானது. உலகச் சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில், வீட்டில் உப்பு சேர்ப்பதாயின் இத்தகைய குறைந்த சோடியம் உப்பைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர்ந்தால் அது பொறுப்பற்ற பேச்சாகிவிடும்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் சில மாத்திரைகளை உண்பவர்களுக்கும் இந்த உப்பு ஆபத்தானது, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. மருத்துவரைக் கேட்காமல் இன்று இரவே கடைக்கு ஓடிவிடாதீர்கள்.

உப்பை மாற்றக்கூட வேண்டாம், அளவைப் பார்த்தாலே போதும் என்பதற்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறார்கள். தேக்கரண்டியை வைத்துக்கொண்டு யார் சமைக்கிறார்கள்? நம் வீடுகளில் உப்புக்கு அளவு கைதான். ஆகையால் நான் வேறொரு வழியில் அளந்தேன். புதிய உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்று அதன் மேல் பேனாவால் தேதியை எழுதி வைத்தேன். நாங்கள் நான்கு பேர். அந்த ஒரு கிலோ சரியாக முப்பது நாளில் தீர்ந்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராமுக்கு மேல் வருகிறது. வடித்த கஞ்சியோடு போனதைக் கழித்தாலும், கடையில் வாங்கிய ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் வந்து அந்தக் கழிவை நிரப்பிவிடுகின்றன. நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் காலை நடை போகிறவன் நான். இந்த எண் என் காலணிக்குத் தெரியவே தெரியாது.

நடையைப் பற்றி இன்னொன்று. பூங்கா வாசலில் முருங்கைக்கீரை சூப், வாழைத்தண்டு சூப் என்று எவர்சில்வர் பாத்திரங்களை வரிசையாக வைத்து விற்கிறார்கள். வியர்வை காயும் முன் நாம் அங்கே நிற்கிறோம். டம்ளரில் ஊற்றியதும் மேலே மிளகுத்தூளோடு ஒரு சிட்டிகை உப்பும் விழுகிறது. அந்த உப்பை வேண்டாம் என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

எடை குறைந்தால்தானே இரத்த அழுத்தம் குறையும், அதற்கு நடைதானே வழி என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். 2001-இல் அமெரிக்காவில் 412 பேரை வைத்து நடந்த உணவு ஆய்வில், எடை ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொண்டு உணவை மட்டுமே மாற்றினார்கள். காய், கனி, கொழுப்பு குறைந்த பால் ஆகியவை மிகுந்து உப்பு குறைந்த உணவை உண்டபோது, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம், வழக்கமான உப்பு மிகுந்த உணவை உண்டபோது இருந்ததை விட 11.5 புள்ளி குறைவாக இருந்தது. நடைப்பயிற்சித் திட்டம் எதுவும் அந்த ஆய்வில் இல்லை.

சர்க்கரைக்கு வருகிறேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வாளர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு, நம் உணவில் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் சொன்னது. அதில் என்னைத் தலைகுனிய வைத்த செய்தி ஒன்று உண்டு. அரிசியை நிறுத்திச் சப்பாத்திக்கோ சிறுதானியத்துக்கோ மாறினாலும், மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. அதில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைந்து தெரிந்தது. இரவில் சோற்றை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஐந்து சப்பாத்தியை உருளைக்கிழங்குக் குருமாவோடு உண்டு வந்தவன் நான். இப்போது சப்பாத்தி இரண்டாகி, குருமாவின் இடத்தில் பாசிப்பயறு வந்திருக்கிறது.

சென்னையிலேயே நடந்து 2006-இல் வெளியான தடுப்பு ஆய்வை எதிரணியினர் எடுத்து வைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், ஏனோ வைக்கவில்லை. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரில், வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது; மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோது அதற்கு மேல் பயன் கூடவில்லை. அந்த வாழ்க்கைமுறை மாற்றத்தில் நடையும் இருந்தது, உணவும் இருந்தது. அதன் வெற்றியை முழுவதும் என் பக்கம் எழுதிக்கொள்வது நேர்மையாகாது. ஆனால் முழுவதும் காலுக்கே எழுதிவிடவும் நடுவர் இடம் தரக்கூடாது.

என் அணியின் அடிப்படை வாதம் இதுதான். நடை, நடப்பவருக்கு மட்டுமே பயன் தரும். காலை ஐந்தரை மணிக்கு நான் காலணியை மாட்டும்போது என் மனைவி குக்கரை ஏற்றிக்கொண்டிருக்கிறார். முழங்கால் தேய்ந்த என் தாயார் கைத்தாங்கல் இல்லாமல் கூடத்தைக் கடக்க முடியாதவர். என் ஆறாயிரம் அடியில் ஓர் அடிகூட அவர்கள் கணக்கில் சேராது. குழம்பில் குறையும் அரைக் கரண்டி உப்போ நால்வர் தட்டிலும் குறைகிறது. சமையலறை என்று நான் சொன்னதும் பெண்கள் பக்கம் கை நீட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாப்பாட்டு மேசையில் ருசி பார்க்கும் முன்பே உப்பு டப்பாவுக்கு நீண்டது பெரும்பாலும் என் கைதான். அந்த டப்பாவை மேசையிலிருந்து எடுத்ததும் நானேதான். முதல் இரண்டு வாரம் ரசம் வெந்நீர் போல இருந்தது. அதன் பிறகு நாக்கு பழகிவிட்டது, இப்போது வெளியில் உண்ணும்போதுதான் கரிக்கிறது.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன் நடுவர் அவர்களே. என் தாயாரின் இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் நிறுத்தவில்லை; நாங்களும் கேட்கவில்லை. வீட்டில் இப்போது இருக்கும் உப்புப் பாக்கெட்டின் மேல் அக்டோபர் 3 என்று எழுதியிருக்கிறது. இன்று நவம்பர் 14. இங்கே புறப்படும் முன் எடுத்துப் பார்த்தேன். இன்னும் கால் பாக்கெட் இருக்கிறது.