ஒரு கேற், மூணு குசினி

(இலங்கையில, மட்டக்களப்புக் கல்லடியில ஒரு வாசிகசாலை மண்டபத்தில பேசினது. ஃபோன்ல ரெக்கோட் பண்ணினதக் கேட்டுக் கேட்டு எழுதினம், இருமலையும் ஃபேன் சத்தத்தையும் வெட்டியாச்சு.)

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு முன்னால பேசின தம்பி சட்டம் படிச்ச புள்ள, வடிவாப் பேசினார். நான் ஒபிஸில பைல் தூக்கின ஆள், அதால முன்னப்பின்ன இரிக்கும், பொறுத்துக்கொள்ளுங்க. தலைப்புத் தந்திரிக்காங்க, பாராளுமன்றத்தில வீடில்லாதவங்கட பிரச்சினையும் சின்னக் கடைக்காரங்கட பிரச்சினையும் எண்டு. பெரிய தலைப்பு, நான் அதில ஒரு மூலைய மட்டும் புடிச்சிக்கிறன்.

நம்மட எம்பிமார் இதப் பேசல்லியா எண்டா, பேசித்தான் இரிக்காங்க. மட்டக்களப்புக்கு 5 பேர், அம்பாறைக்கு, அதான் திகாமடுல்லைக்கு 7 பேர், மொத்தம் 225 பேர் இரிக்கிற சபையில இது சின்னத் தொகைதான், எண்டாலும் ஆளாளுக்கு எழும்பிக் கேட்டிரிக்காங்க. ஹன்சாட், அதான் சபையில பேசினத அப்பிடியே எழுதி வைக்கிற பதிவு, இப்ப இன்டர்நெட்டில கிடக்கு, புள்ளைகளக் கேட்டா எடுத்துத் தருவாங்க, நான் ராவில நித்திர வராத நேரம் அதத்தான் வாசிக்கிறது, எங்கட வீட்டுக்காரி சிரிப்பா. பட்ஜெட் குழுநிலை விவாதம் வந்தா வீடமைப்பு அமைச்சுக்கு ஒரு நாள் வரும், கட்சிக்கு இத்தன நிமிசம் எண்டு பிரிப்பாங்க, நம்மட ஆளுக்கு அஞ்சாறு நிமிசம் கிடைக்கும். அந்த அஞ்சாறு நிமிசத்தில யுத்தம், சுனாமி, வெள்ளம், யானை, வீடு, வேலையில்லாப் பட்டதாரி எல்லாத்தையும் ஒரு மூச்சில சொல்லிப்போட்டு இருந்திருவார். அமைச்சர் கவனத்தில எடுக்கிறம் எண்டுவார். மறுகா அடுத்த வருசம்.

ஆனா வாய்மூல விடைக்கான கேள்வி எண்டு ஒண்டு இரிக்கு பாருங்க, அது வேற சாமான். எழுதிக் குடுத்து, ஒழுங்குப் பத்திரத்தில அச்சில வரும், அ, ஆ, இ எண்டு பிரிச்சு, இந்தப் பிரதேச செயலகப் பிரிவில இத்தன வீடு முடியாமக் கிடக்கிறத அவர் அறிவாரா, எப்ப முடிப்பார் எண்டத இச்சபைக்கு அறிவிப்பாரா, எண்டெல்லாம் வந்து கடைசியில ஒரு வரி வரும், "இன்றேல், ஏன்?" அவ்வளவுதான். எனக்கு அந்த ரெண்டு சொல்லில ஒரு காதல். தமிழில இதவிடக் கூர்மையா ஒரு கேள்வி இரிக்கா எண்டு யோசிச்சுப் பாருங்க. அமைச்சர் பதில சபாபீடத்தில சமர்ப்பிக்கிறன் எண்டு வச்சிட்டுப் போனாலும் அது கடுதாசியில இரிக்கும், பத்து வருசம் கழிச்சும் எடுத்துக் காட்டலாம்.

சரி, அப்படி ஒரு கேள்வி எழுதப்போனா முதல்ல வாற சிக்கல், வீடில்லாதவன் எண்டா யார்?

கொழும்பில புறக்கோட்டைப் பக்கம் ராவில நடந்தா தெரியும், கடை பூட்டின படியில காட்போட் விரிச்சுப் படுத்திரிப்பாங்க, அது கண்ணுக்குத் தெரியிற வீடில்லாமை. இங்க மட்டக்களப்பு டவுனில, கல்முனையில, அக்கரைப்பற்றில அப்படி எத்தன பேரக் கண்டிரிக்கீங்க? விரல் விட்டு எண்ணலாம். அதால பைலில பார்த்தா நம்மட மாவட்டத்தில வீடில்லாதவனே இல்ல, எல்லாருக்கும் ஒரு விலாசம் இரிக்கு. எங்க போறாங்க எண்டா, அக்காட வீட்டுக்கு, மகள்ர வீட்டுக்கு, மாமிட வளவுக்கு.

வீட்டக் கட்டிப்பார் கலியாணம் செஞ்சுபார் எண்டு ஊருலகம் சொல்றது ரெண்டு வேலைய, நமக்கு அது ஒரே வேலை. தமிழாக்களெண்டாலும் சரி, முஸ்லிமாக்களெண்டாலும் சரி, இந்தக் கரையில பொம்புளப்புள்ளைக்கு வீடு குடுக்காமக் கலியாணம் இல்ல. எங்கட அப்பா மூணு வீடு கட்டினவர். மூணு மகளுக்கு மூணு வீடு, கல்லு அரிஞ்சது, மணல் சுமந்தது எல்லாம் அவரும் அம்மாவும்தான். மூணாவது வீடு குடிபூந்த அண்டைக்கு ரெண்டு பேரும் தங்கட ரங்குப்பெட்டியத் தூக்கிக்கொண்டு மூத்தக்காட வீட்டுப் பின்பக்கம் இறக்கின பத்திக்குப் போனாங்க. தகரப் பத்தி. மாரியில அந்தத் தகரத்தில மழை கொட்டினா உள்ளுக்கு நாம பேசுறது நமக்கே கேக்காது. அப்பா அதுக்குள்ளதான் கண்ண மூடினவர். எங்கட அக்கா அத்தான குறை சொல்லல, சோறு தண்ணியில ஒரு குறையும் வைக்கல, அது வேற கதை. நான் சொல்ல வாறது, அவர் உசிரோட இரிக்கக்குள்ள ஒரு ஃபோர்ம் வந்திச்சு, நிரந்தர வீடு உண்டா இல்லையா எண்டு. வந்த பொடியன் கேற்றுக்குள்ள நிண்டு பார்த்தான், கல் வீடு, ஓட்டுக்கூரை, உண்டு எண்டு சரி போட்டுட்டுப் போயிட்டான். அந்த வளவுக்குள்ள அண்டைக்கு மூணு குசினி இருந்த, மூணு சமையல். அக்காட குசினி, பத்தியில அம்மாட குசினி, முன்பக்கத்துத் தாழ்வாரத்தில கலியாணம் முடிச்ச அக்காட மகன்ர குசினி. மூணு குடும்பம், ஒரு கேற், ஒரு மீற்றர், ஒரு சரி.

இதுக்குக் கணக்கு இல்லாம இல்ல. குடிசன மதிப்பீட்டில வீடு வேற, குடித்தனம் வேற. ஒண்டாச் சமைச்சுச் சாப்பிடுற ஆக்கள்தான் ஒரு குடித்தனம். 2012ல எடுத்தாங்க, மறுகா 2024ல எடுத்தாங்க. அப்ப நம்மட எம்பி கேக்க வேண்டியது வீடில்லாதவங்க எத்தன பேர் எண்டு இல்ல, அதுக்குச் சின்ன நம்பர் ஒண்டச் சொல்லிட்டு இருந்திருவாங்க. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலயும் வீடு எத்தன, குடித்தனம் எத்தன, இந்த வித்தியாசத்த நிரப்பத் திட்டம் இரிக்கா, இன்றேல், ஏன்? இப்பிடிக் கேட்டா அதிகாரிமார் உக்காந்து பதில் தேடத்தான் வேணும்.

காணிப் பக்கத்தயும் ஒரு சொட்டுத் தொட்டிட்டுப் போறன். சுனாமிக்குப் பிறகு 2005ல தெற்கு, மேற்குக் கரைக்கு 100 மீட்டர், நமக்கு 200 மீட்டர் கட்டக்கூடாது எண்டு கோடு போட்டாங்க. அம்பாறை மாவட்டத்தில மட்டும் 10,000 பேருக்கு மேல மவுத்தான இடம், பயம் நியாயம்தான். ஆனா சாய்ந்தமருதில நிண்டு பாருங்க, கிழக்கால கடல், மேற்கால வயல், நடுவில ஒரு துண்டு. அதில 200 மீட்டர வெட்டினா மிச்சமென்ன? மறுகா தளர்த்தினாங்கதான், ஆனா அந்த இழுபறியில போன காலம் போனதுதான். அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில சவூதிக் காசில 500 வீடு கட்டினாங்க, யாருக்குக் குடுக்கிற எண்டு வழக்குக்குப் போய், ஆள் குடிபோகாம வருசக்கணக்காக் காடு மூடிக் கிடந்த. வீடில்லாத ஆளும் இரிக்கு, ஆளில்லாத வீடும் இரிக்கு, ரெண்டுக்கும் நடுவில பைல்.

மறுகா இந்த அரைச்சுவர் வீடுகள். இந்தியன் வீட்டுத்திட்டம் வந்த நேரம் ஒரு வீட்டுக்கு அஞ்சரை லட்சம், வடக்குக் கிழக்குக்கு 46,000 வீடு, தவணை தவணையாக் காசு, குறை நிறை இருந்தாலும் கனபேர் முடிச்சாங்க. ஆனா 2019க்கு முன்னம் தொடங்கின சில மாதிரிக் கிராமத்து வீடுகள் ஆட்சி மாறினதோட தவணை நிண்டு போச்சு. வாவிக்கு மேற்கால படுவான்கரைப் பக்கம் போனா காணலாம், கதவு சன்னலுக்கு மேல வாற லின்டல் மட்டத்தில நிக்கிற சுவருக்குள்ள முருங்கை முளைச்சிரிக்கும். காசு வரும் எண்டு நம்பிப் பழைய குடிசையப் பிரிச்சவங்கதான் மாட்டுப்பட்ட. 2021ல ஆயிரத்துச் சொச்சம் வித்த சீமெந்துப் பக்கட் 2022ல 2,500ஐத் தாண்டிச்சு, அப்ப மிச்சத் தவணை வந்தாலுமே அது அத்திவாரத்துக்குக் காணாது. அதால கேள்வியில பழைய தவணையத் தாங்க எண்டு எழுதினாக் காணாது, எந்த வருசத்து விலைக்கு எண்டும் எழுதணும்.

இப்ப கடைக்கு வாறன். இதத் தனித் தலைப்பா எடுக்கிறதே பிழை எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா நம்மட ஊரில கடையும் வீடும் ஒண்டு. எங்கட ரோட்டில ஒரு தங்கச்சி, புருசன் இல்ல, ரெண்டு புள்ள. காலையில இடியப்பம் அவிச்சுக் குடுப்பா, விறாந்தையில ஒரு மேசை போட்டு பிஸ்கட், தேயில, சவுக்காரம், வெயிலுக்கு ஐஸ் பக்கட். அந்த ஐஸ் பக்கட்டுக்காகப் பழைய ஃபிரிட்ஜ் ஒண்டு எடுத்தா. கரண்ட் பில்லில 60 யூனிட் எண்டு ஒரு கோடு இரிக்கு, வீட்டு மீற்றருக்கு. அதுக்குள்ள நிண்டா ஒரு விலை, தாண்டினா கூடின யூனிட்டுக்கு மட்டும் எண்டு நினைக்காதீங்க, முதல் யூனிட்டில இருந்தே வேற விலை. ஃபிரிட்ஜ் வந்த மாசமே கோட்டத் தாண்டிச்சு. என்னட்ட பில்லக் கொண்டுவந்து, "அண்ணே, ஐஸ் வித்த காச ஐஸே திண்டுட்டு" எண்டா. சிரிச்சிக்கொண்டுதான் சொன்னா, எனக்குச் சிரிப்பு வரல்ல. 2022 ஆகஸ்ட்ல சராசரி 75 வீதம் ஏத்தி, 2023 பெப்ரவரில திரும்ப 66 வீதம் ஏத்தின காலம் அது, மறுகா குறைச்சாங்க, ஆனா அவ ஃபிரிட்ஜ அதுக்குள்ளயே வித்துப்போட்டா.

வற் வரியும், அதான் பெறுமதி சேர் வரியும், அப்பிடித்தான். 2019 கடைசியில 8 வீதம், 2022ல 12, பிறகு 15, 2024 ஜனவரில 18. அந்த நேரம் வருசத்துக்கு 6 கோடிக்கு மேல விக்கிறவன்தான் பதியணும் எண்டாங்க, அப்ப சின்னக் கடைக்கு வரி இல்லையே எண்டு ஒரு ஐயா என்னோட வாதாடினார். ஐயா, அந்தத் தங்கச்சி சவுக்காரம் எடுக்கக்குள்ளயே 18 வீதம் அதுக்குள்ள ஏறிட்டு, பதிஞ்ச பெரிய கடைக்காரன் கட்டினதக் கழிச்சுக்கொள்ளுவான், இவவால கழிக்க ஏலா.

சபையில சின்ன வியாபாரம் எண்டு பேசக்குள்ள பராட்டே சட்டத்தப் பத்தி மணிக்கணக்காப் பேசினாங்க, 1990ம் ஆண்டுச் சட்டம், கோட்டுக்குப் போகாம பேங்க் ஈட்டுச் சொத்த ஏலம் போடலாம், அத 2025 மார்ச் வரைக்கும் நிப்பாட்டியும் வச்சாங்க. தேவையான பேச்சுத்தான், நான் குறை சொல்லல. ஆனா பேங்க் ஈடு எடுக்கிற அளவுக்குக் காணி உறுதி, அதான் சொந்தப் பத்திரம், இரிக்கிறவனுக்குத்தான் அந்தச் சட்டத்தால நல்லதும் கெட்டதும். தங்கச்சிட வளவு அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்த பெர்மிட் காணி, பேங்கில கேட்டா உறுதி கொண்டு வாங்க எண்டுவாங்க, அப்ப போறது குழுக்கடனுக்கு, கிழமைக் கட்டுக்கு, இல்லாட்டி காதில கிடக்கிறத அடைவு வைக்க. உறுதி இல்லாததால கடன் இல்ல, கடன் இல்லாததால கடை வளரல்ல, கடை வளராததால வீடு லின்டலில நிக்குது. இத மூணு அமைச்சுக்கு மூணு கேள்வியாப் பிரிச்சா மூணு பேரும் மத்தவரக் கை காட்டுவாங்க.

கனக்கப் பேசிட்டன், தேத்தண்ணி ஆறுது. எம்பியிட பேச்சக் கேட்டுக் கைதட்டுறது இல்ல நம்மட வேலை, கேள்விய எழுதிக் குடுக்கிறது. அந்தா கதவடியில மேசையில ஒரு சீ.ஆர் கொப்பி வச்சிரிக்கன், பேர் கூட வேணாம். எந்த ஜீ.எஸ், அதான் கிராம சேவகர் பிரிவு, ஒரு கேற்றுக்குள்ள எத்தன குசினி, சுவர் எந்த மட்டத்தில நிக்குது, எத்தனையாவது தவணையில நிண்ட, கடை இரிந்தா கடைசி ரெண்டு கரண்ட் பில் எவ்வளவு. இவ்வளவும் எழுதிட்டுப் போங்க. பேனை நூலில கட்டிக் கிடக்கு, போன முறை மூணு பேனை போயிட்டு.