டார்ஷன் பாரை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கினா வண்டி ஏன் கட்டையாகுது? | பழைய தார் சிஆர்டிஇ

வணக்கம் நண்பர்களே. இப்ப ஸ்டாண்ட்ல நிக்கிறது பழைய மஹிந்திரா தார் ஜீப், சிஆர்டிஇ டீசல் மாடல். 2010ல வந்து, 2020ல புது தார் வர்ற வரைக்கும் விற்பனையில இருந்த வண்டி. முன்னாடி டார்ஷன் பார், அதாவது முறுக்கி வேலை செய்யற கம்பி ஸ்பிரிங். பின்னாடி லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை ஸ்பிரிங். பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் மாதிரி முன்பக்கம் டார்ஷன் பார் வச்ச பழைய 4x4 எது உங்ககிட்ட இருந்தாலும் இன்னிக்குப் பேசப் போறது உங்களுக்கும் பொருந்தும்.

இந்த வண்டிகள்ல மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கலா நிக்கும். அது பலருக்குப் பிடிக்கிறதில்ல. கடையில விட்டா அடியில இருக்கிற ரெண்டு போல்ட்டைத் திருகி அரை மணி நேரத்துல சமமாக்கிக் குடுத்துடுவாங்க. பார்க்க அம்சமா இருக்கும். ஆனா முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே தெரிஞ்சுடும், ஏறும்போது ஒண்ணும் இருக்காது, இறங்கும்போது "டக்"குன்னு ஒரு அடி. கேட்டா, "பார் டைட் ஆயிடுச்சு சார், அப்படித்தான் கொஞ்சம் கட்டையா இருக்கும்"னு சொல்லுவாங்க. பார் டைட் ஆகவே இல்ல. இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்த எல்லாம் தானா விளங்கும்.

கேமராவைக் கீழ கொண்டு வர்றேன், பாருங்க. நீளமா போகுதே இந்தக் கம்பி, இதுதான் டார்ஷன் பார். முன் முனை, சக்கரத்தைத் தாங்குற கன்ட்ரோல் ஆர்மைப் பிடிச்சிருக்கு. பின் முனை சேசிஸோட குறுக்குச் சட்டத்துல (கிராஸ் மெம்பர்) ஒரு ஆங்கர் ஆர்ம்ல உக்காந்திருக்கு. சக்கரம் மேல போனா கம்பி முறுக்கிக்கும், அந்த முறுக்குதான் ஸ்பிரிங். இந்தக் கம்பி எவ்வளவு கெட்டிங்கிறதை முடிவு பண்றது மூணே விஷயம்: அதோட விட்டம், நீளம், இரும்பு. விட்டத்துக்குத்தான் பெரிய பங்கு, கெட்டித்தன்மை விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். கடையில திருகுற அந்த அட்ஜஸ்ட்டர் போல்ட்டால இந்த மூணுல எதுவும் மாறாது. மாறுறது ஆரம்பக் கோணம் மட்டும்தான். வண்டியோட எடை அதே எடை. அதனால நின்ன நிலையில கம்பியில இருக்கிற முறுக்கும் கிட்டத்தட்ட அதேதான், அது கொஞ்சம் உயரமான இடத்துல போய் நிக்குது, அவ்வளவுதான்.

அப்ப அந்த அடி எங்கிருந்து வருது? ரீபவுண்ட் ஸ்டாப்ல இருந்து, அதாவது சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காம தடுக்கிற ரப்பர்ல இருந்து. சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் இடம் வேணும். மேட்டுல ஏறினா மேல போகணும், பள்ளம் வந்தா கீழ தொங்கணும். கீழ தொங்குற அந்த இடத்தை டிரூப்னு சொல்லுவோம். முன்பக்கத்தை 40 மில்லி தூக்கினா மேல போற இடம் 40 மில்லி கூடும், டிரூப் அதே 40 மில்லி குறையும். மொத்தப் பயணத்துல ஒரு மில்லிகூட புதுசா கிடைக்காது. டிரூப் தீர்ந்துபோன வண்டி பள்ளத்துல இறங்குறது, முழங்காலை மடக்காம படி இறங்குற மாதிரி. அப்பர் ஆர்ம், அதாவது மேல் கன்ட்ரோல் ஆர்ம், ரப்பர் ஸ்டாப்ல போய் முட்டும், அந்த அடி நேரா பாடிக்கு வரும்.

இதை நீங்களே பார்த்து உறுதி பண்ணலாம். ரீபவுண்ட் ஸ்டாப் ரப்பர்ல மண்ணு, அழுக்கு அப்படியே படிஞ்சிருந்தா பிரச்சினை வேற எங்கயோ. ரப்பர் பளபளன்னு தேஞ்சு, முட்டின தடம் தெரிஞ்சா நீங்க தேடுற இடம் அதுதான்.

இப்ப அளவு எடுக்கறது. இந்த வீடியோவுல ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்வேன்னா இதைச் செய்யுங்க. தரையில இருந்து ஃபெண்டர் (மட்கார்டு) வரைக்கும் அளக்காதீங்க, டயர் தேய்மானம், காத்து எல்லாம் அதுல கலந்துடும். ஹப், அதாவது சக்கரத்தோட நடுமையத்துல இருந்து நேர் மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளங்க, நாலு சக்கரத்துக்கும். அளக்குறதுக்கு முன்னாடி வண்டியைச் சமதளத்துல பத்து மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்துங்க. ஜாக்கில இருந்து இறக்கின உடனே அளந்தா டயர் பக்கவாட்டுல இறுகி நிக்கிறதால உயரம் பொய் சொல்லும். அடுத்து சேசிஸ்ல ஜாக்கி குடுத்து டயர் தரையை விட்டு எழும்பற வரைக்கும் தூக்கி, அதே ரெண்டு புள்ளியை மறுபடி அளங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க டிரூப்.

உதாரணத்துக்கு நின்ன நிலையில 500 மில்லி, தொங்கும்போது 570ன்னு வச்சுக்கோங்க. டிரூப் 70. இதுல 25 தூக்கினா 45 மிச்சம், தாங்கும். 40 தூக்கினா 30தான் மிச்சம், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு அது பத்தாது. என் கணக்கு இதுதான்: மொத்தப் பயணத்துல மூணுல ஒரு பங்காவது டிரூப்பா இருக்கணும். அதுக்குக் கீழ போயிருந்தா போல்ட்டைத் திருப்பி இறக்குங்க. எவ்ளோ விலை குடுத்து ஷாக் மாத்தினாலும் அந்த "டக்" போகாது.

உயரத்தை மாத்துற முறைக்கு வர்றேன். முதல்ல பின்பக்கத்தைப் பாருங்க. பழைய வண்டியில லீஃப் பட்டை ஒரு பக்கம் உக்காந்திருந்தா அதுக்கு எதிர்மூலை முன்பக்கம் தூக்கிக் காட்டும். அதைச் சரி பண்ணாம முன்னாடி போல்ட்டைத் திருகிக்கிட்டே இருந்தா சமமே ஆகாது. லீஃபை முடிச்சிட்டு முன்னாடி வாங்க.

அட்ஜஸ்ட்டர் போல்ட் மரையை கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, துரு விடுற ஸ்ப்ரே அடிச்சு முதல் நாளே ஊற விடுங்க. வெளிய தெரியற மரை நீளத்தை வெர்னியர்ல அளந்து, இடது வலது ரெண்டையும் எழுதி வைங்க. திரும்பி வர வழி அந்த எண்தான். அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸ்ல ரெண்டு ஸ்டாண்ட் குடுத்து, சக்கரம் ரெண்டும் தொங்குற நிலையிலதான் போல்ட்டைத் திருகணும். வண்டி எடை மேல இருக்கும்போது திருகினா பழைய போல்ட்ல மரை உரிஞ்சுடும், முறுக்கு ஏறின ஆங்கர் ஆர்ம் விடுபட்டா அது கையைக் காலை உடைக்கும். மரையில கிரீஸ் போட்டு, ஒரு தடவைக்கு ரெண்டு சுத்துக்கு மேல வேண்டாம். இறக்கி, ஓட்டி, அளந்து, மறுபடி தூக்குங்க. இடது வலது வித்தியாசம் 5 மில்லிக்குள்ள வந்தா போதும். சுத்தை எண்ணி ரெண்டு பக்கமும் சமமா வைக்கணும்னு இல்ல. பழைய பார் ரெண்டும் ஒரே அளவுக்குத் தளர்ந்திருக்காது.

பாரைக் கழட்டுற வேலை வந்தா இடது, வலது குறி போட்டுக்கோங்க. தயாரிக்கும்போதே ஒவ்வொரு பாரையும் ஒரு திசைக்குன்னு முறுக்கிப் பதப்படுத்தியிருப்பாங்க, பக்கம் மாத்திப் போட்டா உடையும். போல்ட் கடைசி வரைக்கும் போயிட்டா ஆங்கர் ஆர்மை ஒரு பல் தள்ளிப் போடுறதும் உண்டு. அதுலயும் கிடைக்கிறது உயரம் மட்டும்தான், டிரூப் கணக்கு மாறாது.

பெரும்பாலான கடைங்க விட்டுடற ஒரு வேலை இருக்கு. கன்ட்ரோல் ஆர்ம் புஷ், ரப்பரும் இரும்பும் ஒட்டி வார்த்தது. அது சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக் குடுக்கும். புஷ் வழியா ஆர்மைப் பிடிச்சிருக்கிற பிவட் போல்ட்டைத் தளர்த்தாம உயரத்தை மட்டும் மாத்தினா, அந்த ரப்பர் நின்ன நிலையிலயே முறுக்கிக்கிட்டே கிடக்கும். சின்னக் குழிக்கெல்லாம் வர்ற கடகடப்புக்கும், கொஞ்ச மாசத்துல புஷ் கிழியறதுக்கும் இது ஒரு காரணம். உயரம் முடிவான பிறகு, வண்டி நாலு டயர்லயும் தரையில நிக்கும்போது பிவட் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை ரெண்டு தடவை அழுத்தி ஆட்டி, சர்வீஸ் மேனுவல்ல சொன்ன டார்க் (இறுக்கும் விசை) அளவுல இறுக்குங்க. பின்னாடி லீஃப் கண்ணு போல்ட், லீஃபைச் சேசிஸோட கோக்குற ஷாக்கிள் போல்ட்டுக்கும் இதே விதிதான். பத்து வருஷம் ஓடின வண்டின்னா புஷ்ஷைப் புதுசா மாத்திட்டு இந்த வேலையைச் செய்யறது நல்லது, கூலி ஒரே கூலிதான்.

ஸ்டீரிங் பக்கம் வருவோம். கம்பெனி உயரத்துல, சக்கரத்தைத் திருப்புற டை ராடும் கன்ட்ரோல் ஆர்மும் ஏறக்குறைய ஒரே சாய்வுல இருக்கும், அதனால சக்கரம் மேல கீழ போனாலும் டோ, அதாவது சக்கரம் உள்ளயோ வெளியவோ பார்க்கிற கோணம், பெருசா மாறாது. தூக்கின பிறகு டை ராடோட சாய்வு கூடிடும், ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அது சக்கரத்தை இழுக்கும். 80 கிலோமீட்டர் வேகத்துல வண்டி அலையறது, பிரேக் போட்டா ஒரு பக்கம் சாடுறது எல்லாம் இதனால வரும். கேம்பர் பாசிட்டிவ் பக்கம் போகும், அதாவது சக்கரத்தோட மேல்பக்கம் வெளிய சாயும், டயரோட வெளி விளிம்பு முதல்ல தேயும். டோ தப்பா இருந்தா டிரெட் மேல கையை ஒரு பக்கமா இழுத்தா வழவழன்னும், எதிர்ப்பக்கம் இழுத்தா சொரசொரன்னும் இருக்கும். அதனால உயரம் மாத்தினா அலைன்மென்ட் கட்டாயம். டோ மட்டும் பார்த்து அனுப்புற கடை வேண்டாம். ஷிம் தகடோ, கேம் போல்ட்டோ, உங்க வண்டியில எது இருக்கோ அதை வச்சு கேம்பரும், காஸ்டரும் (ஸ்டீரிங் அச்சோட முன் பின் சாய்வு) சரி பண்ணத் தெரிஞ்ச கடைக்குப் போங்க.

ஆக்ஸில் மேல இருக்கிற ரப்பர் உறையை (பூட்) பாருங்க. உயரம் கூடக்கூட, முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போற சிவி ஜாயின்ட் மடியற கோணம் கூடுது, பூட் மடிப்புங்க ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழியும். 4ஹைல (நாலு சக்கரமும் ஓடுற கியர்) போட்டு ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா நகர்த்தும்போது "கடக் கடக்"னு வந்தா ஜாயின்ட் தேஞ்சாச்சு. டிரூப்பை மீட்கறதுக்கு அப்பர் ஆர்முக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் நடுவுல ஒரு ஸ்பேசர் போடுறாங்க, பிஜே ஸ்பேசர்னு விப்பாங்க. அது ஸ்டாப்புல இருந்து ஆர்மைத் தள்ளி வைக்கும், "டக்" போகும். ஆனா சக்கரம் இப்ப இன்னும் கீழ தொங்கும், சிவி ஜாயின்ட்டும் பிரேக் ஹோஸும் அந்தக் கணக்கைக் கட்டணும். ஸ்பேசர் போட்டா முழு டிரூப்ல, முழு ஸ்டீரிங் ஒடிப்புல, ரெண்டு பக்கமும் பிரேக் ஹோஸ் விறைக்காம இருக்கான்னு பார்க்காம வண்டியை எடுக்காதீங்க.

ஷாக் விஷயம் சுருக்கமா. ஷாக்கோட முழு நீளம், சக்கரம் முழுசா தொங்குற நீளத்தைவிட 15 மில்லியாவது கூட இருக்கணும். இல்லைன்னா ரப்பர் ஸ்டாப்புக்கு முன்னாடி ஷாக் போய் முட்டும், உள்ள வால்வும் மேல மவுண்ட்டும் காலி. பெரிய டயர் போட்டவங்க ஷாக்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி காத்தைப் பாருங்க. சைடுவால் கெட்டியான எல்டி (லைட் டிரக்) டயர்ல தேவைக்கு மேல காத்து அடிச்சா எந்த சஸ்பென்ஷனும் கட்டையாத்தான் தெரியும்.

பின்பக்கத்தைத் தூக்க நீள ஷாக்கிள் போடுறவங்களுக்கு: ஷாக்கிள் 50 மில்லி நீளமானா வண்டி ஏறுறது அதுல பாதி, 25தான். பின் முனையில ஷாக்கிள் இருக்கிற லீஃபுக்கு இதனால டிஃபரன்ஷியல் மூக்கும் மேல திரும்பும். குறிப்பிட்ட வேகத்துல தரையில அதிர்வு வந்தா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கோணத்தை அளந்து, ஆப்பு வடிவ ஷிம் போட்டுத் திருத்துங்க. லீஃபை ஆக்ஸிலோட கட்டுற யூ போல்ட்டைக் கழட்டினா திரும்பப் போடாதீங்க, அது இழுபட்டது, புதுசு போடுங்க. பின்னாடி லோடு சென்சிங் பிரேக் வால்வு இருக்கிற வண்டியைத் தூக்கினா, வண்டி காலியா இருக்குன்னு அந்த வால்வு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சுடும். அதோட ராடையும் அதே அளவு சரி பண்ணணும். நீள ஷாக்கிள், பெரிய டயர் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல மாற்றம்னு பார்க்கப்படலாம், இன்சூரன்ஸ் கேட்கும்போது பிரச்சினை வரும். அதையும் யோசிச்சு முடிவெடுங்க.

கம்பெனி ஏன் பின்பக்கத்தைத் தூக்கலா விட்டான்னா, ஆளும் சாமானும் ஏறினா சமமாகத்தான். நீங்க காலி வண்டியைச் சமமாக்கினா, நாலு பேர் பின்னாடி ஏறினதும் மூக்கு மேல நிக்கும். இந்த வண்டியோட வீல்பேஸ் 2430 மில்லி. முன்னாடி 25 தூக்கினா 25 மீட்டர் தூரத்துல ஹெட்லைட் வெளிச்சம் சுமார் 26 சென்டிமீட்டர் மேல போகுது. எதிர்ல பைக்ல வர்றவருக்கு அது நேரா கண்ணுல விழும். அன்னிக்கே லைட்டை இறக்கி வைங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

500 கிலோமீட்டர் ஓடின பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்கி, ஹப்-ஃபெண்டர் அளவை மறுபடி எடுங்க. 5 மில்லிக்கு மேல இறங்கியிருந்தா திருத்திட்டு, அலைன்மென்ட்டும் இன்னொரு தடவை பாருங்க.

கேள்வி எழுதறவங்க "கட்டையா இருக்கு"ன்னு மட்டும் எழுதாதீங்க. நின்ன நிலை அளவு, தொங்குற அளவு, டயர் சைஸ், காத்து, இது நாலும் சேர்த்து எழுதுங்க. அதை வச்சே பாதி பிரச்சினை எங்க இருக்குன்னு சொல்லிடலாம்.