நாள் கேட்கவில்லை, வேளை கேட்கிறோம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"மருத்துவமனை வேலை அட்டவணையில் சமய, பண்பாட்டு நாள்களுக்கு இடம் தருவது சுமையே" என்று பேசி அமர்ந்திருக்கிறார் எதிரணித் தோழர். தமிழர், சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ, மியன்மார்க்காரர் என எல்லாரும் ஒரே வார்டில் நிற்கிற சிங்கப்பூரில், ஆளுக்கொரு பண்டிகைக்கு விடுப்புக் கொடுத்தால் நோயாளியை யார் பார்ப்பது என்றும் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர் நாள்கணக்கில் பார்த்துவிட்டார். நாங்கள் கேட்பது வேளை.

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை எண்ணெய்க் குளியல்தான் நமக்கு உயிர். முதல் நாள் இரவு 9 மணிக்கு வேலைக்குப் போகும் தாதி காலை 7 மணிக்கு மேல்தான் வெளியே வருவார். தீபாவளியன்று அவருக்கு விடுமுறை என்று அட்டவணை சொல்லும். வீட்டிலோ பிள்ளைகள் குளித்து, பலகாரம் தின்று முடித்திருக்கும். அவருக்கு வேண்டியது அந்த முந்தின இரவு. அதைக் கொடுத்துவிட்டு, தீபாவளியன்று மதிய ஷிப்டுக்குக் கூப்பிடுங்கள், மனநிறைவோடு வருவார். சீனருக்குப் புத்தாண்டுக்கு முந்தின மாலை ஒன்றுகூடல் விருந்து. கத்தோலிக்கருக்கு டிசம்பர் 24 நள்ளிரவுப் பூசை. இவை ஒன்றோடொன்று மோதவே இல்லையே! தீபாவளிக்கு முந்தின இரவைச் சீனத் தாதி பார்க்கட்டும், ஒன்றுகூடல் மாலையைத் தமிழ்த் தாதி பார்க்கட்டும். எல்லாரும் ஒரே இனமாக இருக்கிற வார்டில்தான் ஐயா மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காது.

ரமலான் நோன்பிருக்கும் தாதி சோர்ந்துபோய்த் தவறு செய்வார் என்றார் எதிரணித் தோழர். இங்கே நோன்பு துறப்பது மாலை 7 மணியை ஒட்டி. மதிய ஷிப்டின் பிற்பகுதி. மருந்து கொடுக்கிற, பார்வையாளர் நிறைந்திருக்கிற நேரம். யார் யாரை விடுவிப்பது என்று எழுதிவைக்காமல், "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லி ஓட விட்டால் தவறு நேரத்தான் செய்யும். ஷிப்ட் தொடங்கும்போதே இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவருக்கு 20 நிமிடம். கிளம்புமுன் இன்சுலின் யாருக்கு ஓடுகிறது, எழுந்தால் விழக்கூடியவர் யார், எந்த ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவசரமில்லாத ரத்தப் பையை 6.45க்கு வரவழைக்கக் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும். முதல் 15 நிமிடம் ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். அதை 7.30க்குத் தள்ளுவதில் யாருக்கு என்ன நட்டம்?

இன்னொன்று. "நீ நோன்பில்லையா?" என்று வார்டு நடுவே கேட்காதீர்கள். மாதவிடாய் நாளில் நோன்பு கிடையாது. கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் எல்லார் முன்னாலும் என்ன பதில் சொல்வார்? பெயரைப் பார்த்தும் முடிவு கட்டாதீர்கள். விரும்பியவர் மேற்பார்வையாளரிடம் தனியாக எழுதிக் கொடுக்கட்டும்.

உடை விஷயத்திலும் வழி இருக்கிறது. 2021 நவம்பர் 1 முதல் பொது மருத்துவமனைத் தாதியர் முக்காடு அணியலாம். எல்லை எது என்பதையும் எங்கள் அணி ஒளிக்கவில்லை. கோயில் கயிறு மணிக்கட்டில் இருந்தால், 40 முதல் 60 நொடி சோப்புப் போட்டுக் கழுவினாலும் நூல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதன் அடியில் கிருமி தங்கும். அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். தாடி வைத்த சீக்கியருக்கு என்95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் காற்றுக் கசியும்; விசிறியால் வடிகட்டிய காற்றைத் தரும் தலைக்கவசம் கொடுக்கலாம்.

இப்போது பல வார்டுகளில் நடப்பது என்ன? விடுப்புக் குறிப்பேட்டில் முதலில் எழுதியவருக்கே நாள். விவரம் தெரிந்த மூத்தவர் எழுதிவிடுவார். போன மாதம் வந்திறங்கிய மியன்மார்ப் பெண்ணுக்கு, ஏப்ரல் திஞ்ஜான் நீர்த்திருவிழாவுக்குக் கேட்கலாம் என்பதே தெரியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும் இரண்டு வேளை எழுதி வாங்குங்கள். இருவர் ஒரே வேளையைக் கேட்டால், போன ஆண்டு அந்த வேளையில் வேலை பார்த்தவருக்கே முதல் இடம்.

பொது விடுமுறைப் பட்டியலே போதும் என்றாரே, அந்தப் பட்டியலில் தைப்பூசம் 1968க்குப் பிறகு இல்லை. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிற தாதி கேட்பது ஓர் இரவு. அதைக் கேட்டு எழுத அட்டவணையில் ஒரு கட்டம் வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.