ஃபோனி, போகஸ், பிஞ்ச்பெக்: ஆங்கிலப் போலிகளின் பூர்வீகம்

[திரையில்: பழைய லண்டன் தெரு ஓவியம்]

18ஆம் நூற்றாண்டு லண்டன். உங்களுக்கு முன்னால் போகிற ஆள் சட்டென்று குனிந்து தரையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுக்கிறான். தகதகவென்று மின்னுகிறது. "ரெண்டு பேர் கண்ணிலும் பட்டதுதானே, ஆளுக்குப் பாதி. எனக்குப் பணமுடை, ஏதாவது கொடுத்துவிட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறான். அடித்தது யோகம் என்று காசை எண்ணிக் கொடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து உரசிப் பார்த்தால் பித்தளை, மேலே தங்க முலாம். சுத்தமான கவரிங்! அதைக் கீழே போட்டவனே அவன்தான்.

[திரையில்: மோதிரம், நெருக்கத்தில்]

இந்த மோசடிக்குத் திருடர்கள் வைத்த பெயர் 'ஃபானி ரிக்'. ஐரிஷ் மொழியில் மோதிரத்துக்கு 'ஃபான்யா' என்று பெயர். அதுதான் லண்டன் திருடர்கள் வாயில் ஃபானி ஆகி, பிறகு அமெரிக்காவில் 'ஃபோனி', அதாவது போலி, ஆனது என்பது பெரும்பாலான அகராதிகள் ஏற்கும் கதை. டெலிபோனில் பேசி ஏமாற்றியதால் வந்த பெயர் என்றும் ஒரு கதை சுற்றுகிறது. அதுவே ஒரு ஃபோனி கதை. 1939 செப்டம்பரில் ஜெர்மனி மீது பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்த பிறகும் மேற்கு முனையில் மாதக்கணக்கில் பெரிய சண்டை இல்லாமல் இருந்ததே, அதையும் 'ஃபோனி வார்' என்றுதான் கேலி செய்தார்கள்.

அப்புறம் போகஸ். போகஸ் பில், போகஸ் ரேஷன் கார்டு என்று நாமே சரளமாகச் சொல்கிறோம். 1827இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பெயின்ஸ்வில் என்ற ஊரின் பத்திரிகை கள்ள நாணயம் அடிக்கும் இயந்திரத்தை இந்தப் பெயரால் குறிப்பிட்டது. இயந்திரத்தின் பெயர் காசுக்கு வந்தது, காசிலிருந்து மற்ற எல்லாப் போலிக்கும் பரவியது.

'ஸ்பூரியஸ்' கொஞ்சம் விறைப்பான வார்த்தை. போலி மருந்தை இந்தியச் சட்டம் இப்படித்தான் அழைக்கிறது. லத்தீனில் 'ஸ்பூரியஸ்' என்றால் முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளை. அந்தப் பிள்ளை யாரை ஏமாற்றியது?

[திரையில்: பழைய பாக்கெட் கடிகாரச் சங்கிலி]

எனக்கு ரொம்பப் பிடித்தது 'பிஞ்ச்பெக்'. இது ஒரு மனிதரின் பெயர். கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக், லண்டன் ஃப்ளீட் தெருவில் கடிகாரம் செய்தவர். செம்பையும் துத்தநாகத்தையும் கலந்து, பார்வைக்குத் தங்கமாகவே தெரியும் உலோகம் ஒன்றை உருவாக்கினார். சங்கிலி, நகை என்று அமோக விற்பனை. 1732இல் அவர் இறந்தார். பின்னாளில் 'போலிப் பகட்டு' என்பதற்கே அவர் பெயர் அடைமொழி ஆகிவிட்டது. பாவம்.

ஆனால் அதற்கு முன்பே சந்தையில் பிஞ்ச்பெக்குக்கும் போலி வந்துவிட்டது. 1733இல் மகன் எட்வர்ட் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: கடைக்காரர்களும் தெருவில் விற்பவர்களும் மக்களை ஏமாற்றுகிறார்கள். நிறத்திலும் மணத்திலும் தங்கத்தை ஒத்த எங்கள் உலோகத்தில் குன்றிமணி அளவுகூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தச் சாமான்கள் இங்கிலாந்திலேயே என்னிடம் மட்டும்தான் கிடைக்கும்!