மெர்ஸும் பர்னும் தரையிறங்கிய பாலைவெளி

வணக்கம் நண்பர்களே. இப்போது திரையில் நீங்கள் பார்ப்பது கோட்ரான் ஜி.3 என்னும் பிரெஞ்சு விமானம். மரச்சட்டங்களின் மீது துணி போர்த்தி, கம்பிகளால் இழுத்துக் கட்டிய இந்த விமானத்தின் மூக்கில் இருக்கும் எஞ்சினைக் கவனியுங்கள். இந்த ரோட்டரி எஞ்சினில் சிலிண்டர்களே விசிறியோடு சேர்ந்து சுழலும்; அதற்கு மசகாக ஊற்றப்பட்டது, நாம் எல்லோரும் அறிந்த விளக்கெண்ணெய். நிழலிலேயே வெப்பம் 45 பாகையைத் தாண்டும் மெசொப்பொத்தேமியக் (இன்றைய இராக்) கோடையில், மணல்காற்றுக்கு நடுவே, இதை நம்பித்தான் முதல் உலகப் போரின்போது, 1915இல், ஆட்களைப் பறக்க அனுப்பினார்கள்.

அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஆஸ்திரேலியா அனுப்பிய ‘ஹாஃப் ஃபிளைட்’ என்னும் சிறு விமானப் பிரிவு, அங்கே துருக்கியரோடு போரிட்ட இந்தியப் படைக்கு வேவு பார்த்துக் கொடுத்தது. அதன் விமானிகளுள் ஒருவரான ஜார்ஜ் மெர்ஸ், மெல்போர்னில் மருத்துவம் படித்தவர். நாசிரியா சண்டை முடிந்ததும் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்துவிட்டு, ஜூலை 30 அன்று நியூசிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பர்னுடன் பாஸ்ராவுக்குத் திரும்பப் புறப்பட்டார். வழியில் எஞ்சின் பழுதாகி, இருவரும் பாலைவெளியில் இறங்க நேர்ந்தது.

உதவி கேட்டுத் தகவல் அனுப்ப வழியில்லை; கையில் கைத்துப்பாக்கிகள் மட்டுமே இருந்தன; எரிபொருள் நிரப்பும் இடமான அபு சலபிக் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆயுதம் தாங்கிய அரபுகள் தாக்கியபோது, இருவரும் அந்தத் திசை நோக்கிப் பின்வாங்கியபடியே 8 கிலோமீட்டர் தூரம் போராடியதாகவும், ஒருவர் காயப்பட்டு விழுந்ததும் மற்றவர் அவரை விட்டு அகலாமல் அருகிலேயே நின்று போராடி உயிர்விட்டதாகவும் அப்பகுதி அரபுகளே பின்னர் கூறினார்கள். விழுந்தவர் யார், நின்றவர் யார் என்பது நமக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கணத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. விமானம் துண்டு துண்டாக வெட்டிப் போடப்பட்டிருந்தது.

பிறகு ஒரு தண்டனைப் படை சென்று, தொடர்புடைய தலைவர்களின் வீடுகளை எரித்தது. அழைக்காத போர் ஒன்று தங்கள் நிலத்தில் வந்து இறங்கிய நிலையில் இருந்த அந்த மக்களை வெறும் கொள்ளையர் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதற்காக அந்த இரு இளைஞர்களின் சாவு எனக்குச் சிறிதாகிவிடவும் இல்லை. என் கோபமெல்லாம், தண்ணீரற்ற வெளிக்கு மேலே அத்தகைய எஞ்சினோடு அவர்களை அனுப்பிய முடிவின் மீதுதான். அந்த முடிவு மாறவும் இல்லை: அதே பிரிவைச் சேர்ந்த டிரெலோர், செப்டம்பர் 16 அன்று, எஞ்சின் நின்றுபோய் எதிரிகளின் பகுதியில் இறங்கித் துருக்கியரிடம் சிறைப்பட்டார்.