அறிவிப்புப் பலகைக்கும் ஒரு வாய் வேண்டும்

(புதுக்கோட்டையில் நடந்த மகளிர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, என்னை அழைத்த கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வாழ்த்துரையிலேயே என் நேரத்தில் பாதியைச் செலவிட்டுவிட்ட வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே (அன்போடுதான் சொல்கிறேன்), பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து என் மனத்தைக் குளிர வைத்த செயலாளர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, கரகரத்த ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொடுத்த தம்பியே, மாணவிகளே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நகர்மன்றத் தலைவர் அவர்களை விட்டுவிட்டேன் என்று பக்கத்திலிருந்து துண்டுச்சீட்டு வருகிறது. அவருக்கும் என் வணக்கம்.

“உயர்கல்வியில் பெண்களின் தலைமையும் தகவல் தொடர்பும்” என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். பெண் கல்லூரிக்குள் நுழைந்த கதை ஒன்று. தலைமை இருக்கையில் அமர்ந்தவள் எப்படிப் பேச வேண்டும் என்பது இரண்டு. துணைவேந்தர் பதவி மூன்று.

முதல் செய்திக்கு நான் வெளியூர் போக வேண்டியதில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்தது இந்த ஊரில். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1927இல் சென்னைச் சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் அங்கே தொடங்கிய வாதம் முழுச் சட்டமாவதற்கு 1947 வரை ஆனது. இருபது ஆண்டுகள்! “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்று என் அம்மா ஓயாமல் சொல்வார். முத்துலட்சுமி அம்மையாரின் வாயால் பிழைத்தவர்கள் ஊரார் வீட்டுப் பிள்ளைகள்.

பிறகு 1914இல் சென்னையில் இராணி மேரி கல்லூரி வந்தது, அடுத்த ஆண்டே பெண்கள் கிறித்தவக் கல்லூரி வந்தது. நாட்டில் உயர்கல்வி படித்த 4.33 கோடிப் பேரில் 2.07 கோடிப் பேர் பெண்கள் என்று 2021–22ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பு சொல்கிறது. கதவு திறந்துவிட்டது. உள்ளே என்ன மொழியில் பேசுகிறோம்?

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். நான் ஆங்கிலத் துறையில் வேலை பார்த்த ஓர் அரசுக் கல்லூரி. ஊர் பெயர் வேண்டாம். தேர்வுக்கு முன்னால் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை, முழுக்க ஆங்கிலத்தில். 75 விழுக்காடு வருகை இல்லாதவர்கள் ‘கண்டொனேஷன்’ கட்டணம் செலுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு மாணவி பலகை முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, வீட்டில் போய்ச் சொன்னாள். அவளுடைய அம்மாவின் காதில் பாதிதான் விழுந்தது. எந்தப் பாதி? டொனேஷன்!

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்த அம்மா வந்து இறங்கினார். தனியாகவா? வார்டு உறுப்பினர், மைத்துனர், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர், கையில் மகளைச் சேர்த்தபோது கொடுத்த ரசீது. வாயிற்காவலர் தடுத்ததும் குரல் உயர்ந்தது. “அரசாங்கக் கல்லூரியில் டொனேஷனா? டொனேஷன் இல்லை என்றுதானே இங்கே சேர்த்தேன்?” வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் போலீசைக் கூப்பிடலாமா என்று கேட்கிறார். வார்டு உறுப்பினரோ மறியல் என்கிறார்.

எங்கள் முதல்வர் அம்மையார் வராந்தாவுக்கு வந்தார். “உட்காருங்கள் அம்மா, டீ குடியுங்கள்” என்றார். ரசீதை வாங்கிப் பார்த்தார். “இது டொனேஷன் இல்லை. உங்கள் மகள் கல்லூரிக்கு வந்த நாள் குறைவு. குறைந்த நாளை மன்னித்துத் தேர்வு எழுத விடுவதற்கான கட்டணம்” என்றார். அந்த அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை என்பது தனிக்கதை. ஆனால் கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: “இதை முன்னாடியே இப்படி எழுதி ஒட்டியிருந்தால், எனக்கு ஒரு நாள் கூலி மிச்சமாகியிருக்குமே?”

(சிரிப்பு, கைதட்டல்)

அன்று மாலையே முதல்வர் சுற்றறிக்கையைத் தமிழில் எழுதச் சொன்னார். கீழே தம் பெயரையும், எந்த நேரத்தில் தம்மைச் சந்திக்கலாம் என்பதையும் சேர்த்தார். தலைமை என்று நான் சொல்வது அதைத்தான். கூட்டத்தில் ஓங்கிப் பேசுவது எப்படி என்று பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறார்கள், நடத்தட்டும். ஆசிரியர் கூட்டங்களில் பெண் துறைத்தலைவர்கள் பேசுவதைப் பற்றியும் சொல்ல இருந்தேன், அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அப்படியானால் கல்லூரிக்கு வாய் எது? அலுவலகக் கதவில் ஒட்டும் அந்த ஒற்றைத் தாள்தான். தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்தது 1956இல். உதவித்தொகைக்குக் கடைசி நாள், விடுதி விண்ணப்பம், பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல், எல்லாமே இன்னும் பல இடங்களில் ஆங்கிலத்தில்தான் தொங்குகின்றன. அந்தக் கடைசித் தாளைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பெண் யாரிடம் போவாள்? 2013இல் சட்டம் வந்தது, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. குழு இருப்பதே தெரியாவிட்டால் அத்தனையும் கோப்பில் கிடக்கும் காகிதம்.

ஆங்கிலம் கற்பித்துச் சம்பளம் வாங்கியவள் நான். ஆங்கிலத்தோடு எனக்குப் பகை கிடையாது. சேக்சுபியரை ஆங்கிலத்தில் படியுங்கள். கட்டணம் கட்டக் கடைசித் தேதியைத் தமிழில் ஒட்டுங்கள்.

மாவட்ட ஆட்சியர் அவர்கள் இங்கேயே இருப்பதால் துணிந்து கேட்கிறேன். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவிகளுக்கான எந்த அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும், கையெழுத்திட்டவரின் பெயரும் சந்திக்கும் நேரமும் அதில் இருக்க வேண்டும். கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கு அனுப்ப இதை ஒரு விண்ணப்பமாக எழுதி வைத்திருக்கிறோம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பரிசளிப்பு இருக்கிறதாம், துணைவேந்தர் பதவி தப்பித்தது. விண்ணப்பத் தாள்கள் வாசலில், தண்ணீர்க் குடத்துக்கு அருகிலுள்ள மேசையில் இருக்கின்றன. கையெழுத்தோடு உங்கள் கல்லூரியின் பெயரையும் எழுதுங்கள். வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போடுவதாக வாக்களித்திருக்கிறார்.