தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் மரபு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நகரத்தின் பழைய பஸ், டிராம், ரயில் இவற்றிலிருந்து புதிய கலை பிறக்கிறது என்று சொன்னால், பழைய வண்டியை அழகாக வரைவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் படங்களில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. வண்டி ஓட வேண்டும், ஜனங்கள் வழி தெரிந்து போக வேண்டும் என்பதற்காக யாரோ மண்டையைக் குடைந்துகொண்டு செய்த வேலை இருக்கிறதே, பெயர்ப்பலகை, வழித்தட வரைபடம், இருக்கைத் துணி, அந்த வேலையோடு பேசும் கலைதான் என்னை இழுக்கிறது. லண்டன் சுரங்க ரயிலை வைத்து அதைச் சொல்கிறேன்.

உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரியில் அங்கேதான் ஓடத் தொடங்கியது. நாம் பேசும் அழகெல்லாம் அதற்கு வெகுகாலம் பிறகு வந்தது. அதற்கு முக்கியக் காரணம் ஃபிராங்க் பிக் என்ற நிர்வாகி. ஓவியர் அல்ல, சட்டம் படித்தவர். 1908 முதல் நல்ல ஓவியர்களைத் தேடிப்பிடித்துச் சுவரொட்டி வரையச் சொன்னார். எட்வர்ட் ஜான்ஸ்டனிடம் எழுத்துரு கேட்டு வாங்கினார். 1916இல் வந்த அந்த எழுத்தின் சாயல் இன்றும் அங்கே பலகைகளில் இருக்கிறது. 1930களில் ஈனிட் மார்க்ஸ் இருக்கைத் துணிக்கு வடிவம் போட்டார். அழுக்குத் தெரியக்கூடாது, ஆடும் வண்டியில் கண்ணை உறுத்தவும் கூடாது. இத்தனை நிபந்தனைகளுக்குள் அழகு செய்வது சாதாரண வேலையா?

அப்புறம் ஹாரி பெக். 1931இல் அவர் வரைந்த சுரங்க ரயில் வழித்தட வரைபடத்தில் உண்மையான தூரமும் வளைவும் கிடையாது. நேர்கோடு, 45 பாகைச் சாய்வு, மேலே தரையில் இருப்பதில் தேம்ஸ் நதி மட்டும். முதலில் மறுத்துவிட்டார்கள். 1933இல் அச்சானதும் ஜனங்கள் அள்ளிக்கொண்டார்கள்.

அந்த வரைபடத்தை 1992இல் சைமன் பேட்டர்சன் என்ற கலைஞர் கையில் எடுத்தார். கோடுகள், நிறங்கள் எல்லாம் அப்படியே. நிலையங்களின் பெயர்களை மட்டும் நீக்கி, ஒரு தடத்தில் தத்துவ அறிஞர்கள், இன்னொன்றில் திரை நடிகர்கள், மற்றொன்றில் கால்பந்து வீரர்கள் என்று போட்டுவிட்டார். படத்தின் பெயர் ‘பெருங்கரடி’, விண்மீன் கூட்டத்தின் பெயர். இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையத்தில் ஒரே ஆள் இரண்டு கூட்டத்துக்கும் சொந்தமாகிவிடுகிறார். இவர் எப்படி இங்கே என்று நின்று யோசிக்கிறோம். பெக்கின் கோடுகளை நாம் எவ்வளவு கேள்வி கேட்காமல் நம்புகிறோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

என் மனதுக்கு மிக நெருக்கமானது, சுரங்க ரயிலின் 150ஆம் ஆண்டை ஒட்டி 2013இல் மார்க் வாலிங்கர் செய்த பணி. அப்போது இருந்த 270 நிலையங்களுக்கும் ஆளுக்கொரு தகடு. ஒவ்வொன்றிலும் வட்டமான ஒரு சுருள்பாதை, கறுப்பு வெள்ளையில். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. நுழையும் இடத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. இது வழி தவறவைக்கும் புதிர் அல்ல. ஒரே பாதைதான். சுற்றிச் சுற்றி மையத்துக்குப் போகும், அதே வழியில் திரும்பி வரும். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறவரின் நாளும் அப்படித்தானே? தகடு எனாமல் பூசியது, நிலையப் பலகைகள் எதில் செய்யப்படுகின்றனவோ அதே பொருள். விரலால் பாதையைத் தடவிப் போகலாம், அதற்காகவே செய்தது. ஒவ்வொரு தகட்டிலும் ஓர் எண் உண்டு. எல்லா நிலையங்களையும் மிகக் குறைந்த நேரத்தில் சுற்றி 2009இல் கின்னஸ் சாதனை செய்தவர்கள் போன வரிசை அது. சாதாரணப் பயணியின் ஆர்வத்தைக்கூடக் கலைஞர் விட்டுவைக்கவில்லை. ரயிலின் படமோ சக்கரமோ எங்கும் இல்லை. ஆனால் அந்த ரயில் இல்லாமல் இந்தக் கலை இல்லை.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் 1980களில் எடுவார்டோ பாவ்லோட்ஸி நிறச்சில்லுகளால் பெரிய சுவரோவியம் பதித்தார். மேலே தெருவில் இசைக்கருவிக் கடைகளும் மின்னணுக் கடைகளும் இருந்தன. சாக்ஸஃபோனும் எந்திரங்களும் சுவருக்கு வந்தன. நிலையத்தை விரிவாக்கியபோது, பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள். நகரும் படிக்கட்டுகளுக்கு மேலிருந்த வளைவுகளை மட்டும் 2015இல் அகற்றினார்கள். பலர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். துண்டுகள் கடைசியில் பாவ்லோட்ஸி பிறந்த ஊரான எடின்பரோவின் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அதே நிலையத்தில் 2017இல் டேனியல் ப்யூரனின் வண்ண வட்டங்களும் சாய்சதுரங்களும் வந்தன. அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் அந்த வளைவுகள் போனதற்கு அது ஈடாகாது. ஒரு தலைமுறை முன்பு புதிதாக வந்த கலை, பயணிகளுக்கு அதற்குள் மரபாகிவிட்டது. திட்டம் போட்டவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான்: எந்த நகரமானாலும், நிலையத்தை விரிவாக்க முதல் கோடு போடும் அன்றே, பிக் செய்ததைப்போல, ஒரு கலைஞரையும் அந்த மேசைக்கு அழையுங்கள்.